வண்டி மூச்சு இழுக்கற சத்தம்

எனக்கு முன்னால பதினோரு வண்டி நிக்குது. ரெண்டு தடவை எண்ணிப் பாத்துட்டேன், பதினொண்ணுதான். ஒரு வண்டிக்கு நாலு நிமிசம்னு வெச்சாலும் முக்கா மணி நேரம். அதுவரைக்கும் என்ஜினை நிறுத்திட்டு, கண்ணாடியை இறக்கி விட்டுட்டு, மடியில ஹெல்மெட்டை வெச்சுட்டுக் கம்முனு உக்காந்திருக்கணும். மணி ஏழேகால்கூட ஆகலை, அதுக்குள்ள வெயில் முன்கண்ணாடியில ஏறிடுச்சு. வரிசையோட அந்தக் கோடியில ஒரு முக்காலி, முக்காலி மேல ஒரு கருப்பு மீட்டர், செல்போன் தண்டிதான் இருக்கும், அதுக்குப் பின்னால தொப்பி போட்டுட்டு ஒரு அம்மணி. நாலாயிரத்தைநூறு சுத்துல என்ஜினைப் புடிச்சு வெக்கணும், அவ மீட்டரைப் பாப்பா. தொண்ணூத்திரண்டு டெசிபலுக்குள்ள இருந்தாக் கண்ணாடியில பச்சை ஸ்டிக்கர், ரேஸ் ட்ராக்குல நாள் பூரா ஓட்டிக்கலாம். தாண்டுனா வண்டியைத் திருப்பிட்டு வீட்டுக்குப் போக வேண்டியதுதான். எனக்குப் போன மாசம் தொண்ணூத்தேழு, அதுக்கு முந்துன மாசம் தொண்ணூத்தெட்டு. இது மூணாவது. மூணாவது தடவையும் போச்சுன்னா இந்த வருசம் பூரா கேட்டுக்குள்ளயே விடமாட்டாங்களாம், நோட்டீஸ்ல தடி எழுத்துல போட்டிருக்காங்க. போட்டாப் போட்டுட்டுப் போகட்டும்னு விட முடியலை. மாசத்துல ரெண்டு ஞாயித்துக்கிழமை, அவ்வளவுதான் எனக்கு மிச்சம். மத்த நாள்ல காலையில எந்திரிச்சா ராத்திரி படுக்கறவரைக்கும் மனுசன் மூஞ்சி பாக்கறது பால்காரன் மூஞ்சி ஒண்ணுதான். அவனும் இப்பெல்லாம் பேசறதில்லை, வாயை அசைக்கறான், பாக்கெட்டை நீட்டறான், போயிடறான்.

இத்தனை கூத்தும் எதுக்குன்னா கோழிக்கு. ட்ராக்குக்கு அக்கட்டால ஒருத்தர் கோழிப்பண்ணை போட்டிருக்கார், ஞாயித்துக்கிழமையானா முட்டை குறையுதுன்னு மனு கொடுத்துட்டார். கோழி பயந்துக்குதாம். முப்பது வருசமா இங்க வண்டி ஓடுது, அப்பெல்லாம் அந்த இடத்துல சோளக்காடு, சோளம் ஒரு நாளும் பயந்துக்கலை. சரி, கிளப்புல உக்காந்து பேசித் தொண்ணூத்திரண்டுன்னு ஒரு கோடு போட்டுட்டாங்க. பின்னால சைலன்சர் பக்கம் ஒரு அளவு, முன்னால பானட் பக்கம் ஒரு அளவு. எனக்குப் பின்பக்கம் எப்பவும் பாஸ்தான். முன்பக்கந்தான் தகராறு. வண்டின்னா சத்தம் பின்னாலதான் வரும்னு ஊரே நெனைச்சுட்டு இருக்குது, அது மூச்சை விடற சத்தம். மூச்சை இழுக்கற சத்தம்னு ஒண்ணு இருக்குதே, அது யாருக்குந் தெரியாது. என் வண்டி தொண்ணூத்தாறாம் வருசத்து வண்டி, ரெண்டு கார்புரேட்டர், ரெண்டுக்கும் வாய் தொறந்த புனல். ஆக்சிலேட்டரை மிதிச்சாக் காத்தை அப்புடியே அள்ளிக் குடிக்கும். அடியில ஒரு அலறல், அதுக்கு மேல ஒரு சீறல். அந்தச் சீறலுக்காகத்தான் நான் இந்த வண்டியையே வாங்குனேன். வண்டி மீட்டரைப் பாத்து கியர் மாத்துனதே கிடையாது, அந்தச் சீறல் மேல ஏறி ஒரு எடத்துல நிக்கும் பாருங்க, அங்க மாத்தணும். அப்பேர்ப்பட்ட சத்தத்தை நானே என் கையால கழுத்தை நெரிச்சிருக்கேன். மூணு வாரம். அலுமினியத் தகட்டுல ஒரு பெட்டி, உள்ள சோபாக் கடைப் பஞ்சு, புனல் ரெண்டையும் பெட்டிக்குள்ள விட்டு மூடி, பெட்டியிலருந்து ஒரு குழாய் பம்பர் வரைக்கும். குழாய்க்குப் பம்புக் கடையில தண்ணி உறிஞ்சற ஹோஸ் வாங்குனேன், உள்ளயும் வெளியவும் வரிவரியா இருக்குமே அது, வளைச்ச பக்கமெல்லாம் வளையும், உறிஞ்சுனாலும் ஒட்டிக்காது. இந்தக் கோயமுத்தூர்ல பம்புச் சாமானுக்கா பஞ்சம். மாட்டி ஓட்டிப் பாத்தேன். என்ன ஒரு அமைதி! சீறல் சுத்தமா இல்லை. எனக்கே நம்ப முடியலை. யார்கிட்டயாவது சொல்லணும்னு வீட்டுக்குள்ள போனேன், போய் ஹால்ல நின்னேன், அப்பத்தான் ஞாபகம் வந்துச்சு, வீட்டுல யாரும் இல்லை.

இப்பப் பத்து வண்டி. முன்னால நிக்கறது போத்தனூர் ஜெரால்டு, செவப்பு வண்டி, நல்ல பையன், நாப்பது வயசு இருக்கும், என் வயசுக்கு அவன் சின்னப் பையன்தான். எறங்கி வந்து ஜன்னல்ல கை வெச்சுட்டு என்னமோ சொல்றான். சிரிச்சுட்டே சொல்றான், அதனால நானும் சிரிக்கறேன். தலையாட்டறேன். அவன் தோளைத் தட்டிட்டுப் போறான். என்ன சொன்னானோ. எல்லாரும் இப்ப இப்புடித்தான் பேசறாங்க, வாய்க்குள்ளயே, பல்லுக்கும் உதட்டுக்கும் வலிக்காம. அந்தக் காலத்துல மில்லு கேட்டுல ஒருத்தர் பேசுனா ரோட்டுக்கு அந்தப் பக்கம் கேக்கும். ட்ராக்குல எனக்குப் புடிச்சதே அதுதான், ஓடற நேரத்துல யாரும் பேச வேண்டியதில்லை, கொடி காட்டுவாங்க, கை காட்டுவாங்க, பேசணும்னா எல்லாரும் கத்தித்தான் பேசணும். மத்தியானம் மரத்தடியில பொட்டலம் பிரிச்சுத் திங்கறப்ப இருவது பேரு ஒண்ணாக் கத்திட்டு இருப்பாங்க, நடுவுல நான் உக்காந்திருப்பேன், புளிசோறு யாராவது நீட்டுவாங்க. அது போதும் எனக்கு. அதுவும் இல்லைன்னா நான் என்ன பண்ணுவேன்னு தெரியலை. நெசமாத் தெரியலை.

தெய்வானை இருந்தா இந்நேரம் திட்டிட்டு இருப்பா. கல்யாணம் பண்ணி முப்பத்திரண்டு வருசம், அதுல வண்டியைத் திட்டுனது பாதி, என்னைத் திட்டுனது பாதி. ஓசூர்ல மக தாரணிக்குப் பிரசவம்னு போனா. மூணு மாசத்துல வந்துடறேன்னா. எட்டு மாசமாச்சு. குழந்தை குப்புற விழுந்து, தவழ்ந்து, இப்ப எந்திரிச்சு நிக்குது, தாரணி போட்டோ அனுப்பறா. போறதுக்கு முன்னால ஒரு நாள் சமையக்கட்டுல நின்னுட்டு ஒரு வார்த்தை சொன்னா, “உங்ககிட்டப் பேசறதும் ஒண்ணு, இந்தச் செவுத்துகிட்டப் பேசறதும் ஒண்ணு. செவுறாவது எதிரொலிக்கும்.” சுருக்குனு இருந்துச்சு. நான் என்ன பண்ணுனேன் அவளை? கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லாம இருந்திருக்கறேனா? கேக்கவே இல்லைன்னா என்ன பதில் சொல்றது? ரெண்டு மூணு வருசமாவே அவ பேச்சைக் குறைச்சுட்டா. முன்ன வாசல்ல கோலம் போட்டுட்டே என்னை எழுப்பறவ, பக்கத்துல நின்னுட்டு உதட்டை அசைக்கறா. வயசானாக் கொரல் தேஞ்சு போகுமாட்ட இருக்குதுன்னு நெனைச்சுட்டேன். இல்லை, என்மேல வெறுப்பு. வெறுப்பு வந்துட்டாப் பொம்பளைங்க சத்தமாப் பேசமாட்டாங்க. போனுக்கு வந்தாலும் அதேதான். சாயங்காலம் ஆறு மணியானாக் கூப்புடுவா, நானும் எடுத்து வலது காதுல வெச்சுக்குவேன், இடது கையில எதாவது ஸ்பேனர் இருக்கும். காயிதத்தைக் கசக்கறாப்ல ஒரு சத்தம். நடுவுல எங்காவது நின்னா “ம்ம், சரி சரி”ம்பேன். அவளும் வெச்சுடுவா. மூணு வாரத்துக்கு முந்தி, புதன்கிழமை, நெம்ப நேரம் பேசுனா. வழக்கமா மூணு நிமிசம், அன்னைக்குப் பத்து நிமிசம். அன்னைக்குப் பெட்டிக்குத் தகடு வெட்டிட்டு இருந்தேன். “சரி சரி, பாக்கலாம்”னேன். ஒண்ணுஞ் சொல்லாம வெச்சுட்டா. அதோட சரி. இன்னைக்கு வரைக்கும் ஒரு போன் இல்லை. நானும் பண்ணலை. வெச்சவ அவ, அவதான் பண்ணணும். எனக்கு மட்டும் ரோசம் இல்லையா? ஆறு மணி ஆனாப் போனை எடுத்து மேசை மேல வெச்சுட்டு உக்காந்திருக்கறேன், ஆறரை ஆனா எடுத்து உள்ள வெச்சுடறேன், இவ்வளவுதான் என் ரோசம்.

ஏழு வண்டி. ஒருத்தன் ஃபெயில் ஆயிட்டான், வண்டியைத் திருப்பிட்டு வர்றான், மூஞ்சி செத்துப் போச்சு. என்னைத் தாண்டறப்ப என்னைப் பாக்கலை. நானும் பாக்கலை. அந்த மீட்டர்ல கோளாறு இருக்குதுங்கறது என் கட்சி. போன தடவையே சொன்னேன். அதுக்கு முந்துன தடவை எழுதியே கொடுத்தேன், இந்தக் கருவியை யார் சரி பார்த்தது, எப்பப் பார்த்ததுன்னு. தொண்ணூத்தெட்டாம், யாருக்குக் காது குத்தறாங்க! முப்பத்தோரு வருசம் மோட்டார் சோதிக்கற வேலை பார்த்தவன் நான். பம்பு கம்பெனியில நாளைக்கு நூத்தம்பது மோட்டார் என் மேசைக்கு வரும். நீளமான திருப்புளியை மோட்டார் மேல வெச்சு, கைப்புடியைக் காதுல வெச்சாப் போதும், பேரிங்கு நல்லதா, பொடி மண் இருக்குதா, எண்ணெய் காஞ்சிருக்குதா, எல்லாஞ் சொல்லிடுவேன். சென்னியப்பன், அதான் நான், காது வெச்சாச்சான்னு கேட்டுட்டுத்தான் பெட்டி கட்டுவாங்க. கடைசி ரெண்டு வருசத்துல ஒரு சின்னப் பையன் இன்சினியர், கம்பி முனையில ஒரு சென்சாரைக் கட்டிட்டு வந்தான். நான் பாஸ் பண்ணுன மோட்டாரை அது ஃபெயில்னு சொல்லுச்சு. ஒண்ணு இல்லை, ஒரு வாரத்துல ஒம்பது. “உன் மெசினைக் கொண்டு போய்க் குப்பையில போடு”ன்னேன். ஒம்பதையும் பிரிச்சுப் பாத்தாங்க. நான் நின்னு பாக்கலை, டீ குடிக்கப் போயிட்டேன். திரும்பி வந்தப்ப ஒருத்தனும் ஒண்ணுஞ் சொல்லலை, அல்லது சொன்னாங்களோ என்னமோ. அடுத்த மாசம் வேலையிலருந்து நின்னுட்டேன், வயசு ஆயிடுச்சுன்னு சொல்லிட்டு. அந்த ஒம்பதுல எத்தனை கெட்டதுன்னு நான் இன்னைக்கு வரைக்கும் கேக்கலை. கேக்கறதுக்கு என்ன இருக்குது? எல்லாங் கெட்டதுன்னு சொல்லுவாங்க. பழி போடறதுக்குக் கெழவன் வேணும்ல.

அஞ்சு வண்டி. தள்ளிட்டுப் போய் நிறுத்தறேன். எறங்கிப் போய் ஹோஸ் கிளிப்பை மறுபடி ஒருக்கா இறுக்கறேன். இத்தனைக்கும் பயப்பட ஒண்ணும் இல்லை, வீட்டுல எல்லாம் பாத்தாச்சு. சந்துல வண்டியை நிறுத்தி, ஆக்சிலேட்டர் கம்பியில கட்டை வெச்சு நாலாயிரத்தைநூறுல விட்டுட்டு, காம்பவுண்டுச் செவுத்துகிட்டப் போய் நின்னு கேட்டேன். உர்ருனு அடியில ஒரு சத்தம், அவ்வளவுதான். எண்பத்தெட்டு தாண்டாது, எழுதித் தர்றேன். பக்கத்து வீட்டு மாடியில படபடன்னு ஜன்னலைச் சாத்துனாங்க. வேணும்னே சாத்துனது அது, இத்தனை கம்மியான சத்தத்துக்கு எவனாவது ஜன்னலைச் சாத்துவானா. அவங்க வீட்டு நாய் தலையைத் தூக்கிட்டு வாயைப் பிளந்துட்டு நின்னுச்சு. நாய்க்கும் என்னைக் கண்டா ஆகாது. அந்த வீட்டம்மாதான் போன வருசம் டிவி சத்தத்தைக் குறைங்கன்னு வந்து நின்னது, டிவியே வெக்கலைன்னாலும் சொல்லுவாங்க. குக்கர்கூட அப்புடித்தான், புதுசு, பேர் போன கம்பெனி, விசில் அடிக்கறதே இல்லை, மூணு தடவை பருப்பு அடிப்புடிச்சுப் போச்சு. காலிங் பெல் மாத்துனேன், அதுவும் அடிக்கறதில்லை, கூரியர்க்காரன் கதவுல சீட்டு ஒட்டிட்டுப் போறான், ஆள் இல்லைன்னு. நான் உள்ளதான் உக்காந்திருக்கறேன். ஆள் இல்லையாம். இந்த ஊருல எல்லாமே மட்டமாப் போச்சு. வரிசைக்கு மேல கரண்டுக் கம்பியில ஒரு குருவி உக்காந்திருக்குது, இப்பத்தான் பாக்கறேன். குருவியே இல்லாமப் போச்சுன்னு நெனைச்சுட்டு இருந்தேன், காலையில ஒரு சத்தமும் வர்றதில்லை, டவர் வெச்சதுல எல்லாம் செத்துப் போச்சுன்னாங்க. இது இருக்குது. வாயைத் தொறந்து தொறந்து மூடுது. பாவம், தண்ணித் தாகமாட்ட இருக்குது.

மூணு. ரெண்டு. ஜெரால்டு போயாச்சு, தொண்ணூத்தொண்ணு, கட்டைவெரலைத் தூக்கிக் காட்டறான், அக்கட்டால வண்டியை நிறுத்திட்டு என் வண்டியைப் பாக்கறதுக்கு வந்து நிக்கறான். இந்த வயசுல பரீட்சை எழுதறவனாட்டம் உக்காந்திருக்கறேனே, தெய்வானை பாத்தா என்ன சொல்லுவா. ஒண்ணுஞ் சொல்லமாட்டா, பக்கத்துல வந்து உக்காந்துக்குவா. தாரணி பரீட்சைக்குப் போனா உக்காந்துக்குவா, ஆஸ்பத்திரிக்குப் போனா உக்காந்துக்குவா, அப்புடித்தான் அவ. பாஸ் ஆனாப் போன் பண்ணிச் சொல்லலாமா? ரோசத்தைக் கொஞ்சம் ஓரமா வெச்சுட்டு, சும்மா, பாஸ் ஆயிடுச்சுன்னு ஒரு வார்த்தை. அதுக்கு அவ என்ன சொன்னாலும் ம்ம் போட்டுட்டு வெச்சுடலாம். தொப்பி போட்ட அம்மணி கை காட்டறா. சட்டையில பேரு குத்தியிருக்குது, அபிராமி. பானட்டுக்கு ரெண்டு மீட்டர் முன்னால முக்காலியை நகத்தறா. சாவியைத் திருப்பறேன், புடிச்சுக்குது. மெதுவா ஏத்தறேன், ரெண்டாயிரம், மூணாயிரம், நாலாயிரத்தைநூறு. புடிச்சு வெக்கறேன். அடியில உர்ருனு அதே சத்தம். சீறல் இல்லை. பூனையாட்டம் இருக்குது என் வண்டி. மனசுக்குள்ள எண்பத்தெட்டு எண்பத்தெட்டுன்னு சொல்லிட்டு இருக்கறேன். அம்மணி ஒரு காதைத் தோள்ல அழுத்திக்கறா. இன்னொரு காதுக்குக் கை போகுது. நிறுத்துன்னு சைகை காட்டறா. நிறுத்தறேன். மீட்டரைத் திருப்பிக் காட்டறா. தொண்ணூத்தாறு.

எறங்கிட்டேன். “அம்மணி, உன் மீட்டரு சரியில்லை. போன தடவையே சொன்னேன். இத்தனை கம்மியா ஓடற வண்டிக்குத் தொண்ணூத்தாறா?” அவ என்னையே பாக்கறா, அப்புறம் ஜெரால்டைப் பாக்கறா. ஜெரால்டு பக்கத்துல வந்து என் காதுகிட்டக் கத்தறான், அவன் கத்தறதால கேக்குது. “அண்ணா, மீட்டரு சரியாத்தானுங்கண்ணா இருக்குது. அந்த விசில்தான் தூக்கி விடுது.” “என்ன விசில்?”ன்னேன். “உங்க வண்டியில வர்றதுங்கண்ணா. காதுல ஊசி ஏத்தறாப்ல இருக்குது. உங்களுக்குக் கேக்கலையா?” வெளையாடறான்னு நெனைச்சேன். சுத்திலும் பாத்தேன், யாரும் சிரிக்கலை. “நீ போய் உக்காரு, நீயே மிதி, நான் கேக்கறேன்”னு அவனை உள்ள தள்ளிட்டு, பானட்டைத் தூக்கிட்டு முன்னால நின்னேன். ஏத்தறான். நாலாயிரத்தைநூறு. உர்ருனு ஒரு சத்தம். அவ்வளவுதான். அவ்வளவுதானே? தலையைத் தூக்கிப் பாக்கறேன். வரிசையில நிக்கற அத்தனை பேரும் மூஞ்சியைச் சுளிச்சுட்டு நிக்கறாங்க. ஒருத்தன் ரெண்டு காதையும் பொத்தியிருக்கான். டீக்காரர் ஒரு கண்ணை மூடிட்டு இருக்கார். கம்பியிலருந்த குருவி போயிடுச்சு. நான் பெட்டி மேல கை வெச்சேன். அப்புறம் ஹோஸ் மேல. ஹோஸ் நடுங்குது. சன்னமா, பொடிப் பொடியா, வெரல் நுனியில எறும்பு ஓடறாப்ல. மோட்டாரை முப்பத்தோரு வருசம் தொட்ட கை இது, இதுக்குத் தெரியும் இந்த நடுக்கம் என்னன்னு. உள்ள இருக்கற வரியில காத்து தட்டித் தட்டி ஓடுது. பாடுது. நானே வாங்கி, நானே வெட்டி, நானே கிளிப் போட்டு மாட்டுன ஹோஸ், ஊருக்கே கேக்கற மாதிரி விசில் அடிக்குது. ஹோஸை ரெண்டு கையாலயும் புடிச்சு அமுக்குனேன். எதிர்ல நிக்கற மூஞ்சியெல்லாம் தளர்ந்துச்சு. கையை விட்டேன். மூஞ்சியெல்லாம் சுருங்குச்சு. மறுபடி அமுக்குனேன், தளர்ந்துச்சு. விட்டேன், சுருங்குச்சு. எனக்கு ரெண்டுக்கும் ஒரே சத்தந்தான். உர்ருனு.

அப்ப மோட்டார் ஒம்பதும் கெட்டதுதான். குக்கர் விசில் அடிச்சுட்டுத்தான் இருந்திருக்குது. காலிங் பெல் அடிச்சிருக்குது, குருவி கத்தியிருக்குது, பக்கத்து வீட்டம்மா பாவம் வேணும்னே ஜன்னலைச் சாத்தலை. சீறலை நான் பெட்டி போட்டு அடக்கலை, அது என் காதை விட்டு எப்பவோ போயிடுச்சு, ஒரு வார்த்தை சொல்லாமப் போயிடுச்சு. வண்டி ஓட்டுன இத்தனை வருசமும் இந்த வலதுபக்கக் கண்ணாடியை எறக்கி விட்டுட்டு அந்தச் சத்தத்தை ஆசை ஆசையாக் குடிச்சிருக்கறேன். திருப்புளியை வெச்சதும் இதே வலது காதுல. ஜெரால்டு எறங்கி வந்து கத்தறான், “ஒண்ணும் இல்லீங்கண்ணா, வரி வரியா இருக்கறதுனால பாடுது. உள்ள வழவழன்னு எதாவது சொருகுனாத் தீர்ந்துச்சு.” அவன் வண்டியிலருந்து ஒரு பிளாஸ்டிக் ஃபைல் அட்டையை எடுத்துட்டு வந்து, சுருட்டி, ஹோஸுக்குள்ள தள்ளி, விட்டுட்டான், அது விரிஞ்சு ஒட்டிக்கிச்சு. நல்ல யோசனை. அஞ்சு நிமிசங்கூட ஆகலை. வண்டிக்கு ஃபைல் அட்டை போதுமா இருக்குது. “இன்னும் நோட்டுல ஏத்தலைங்கண்ணா, வரிசைக்குப் பின்னால போக வேண்டாம், இப்பவே பாத்துடலாம்”னு அபிராமி சத்தமாச் சொல்றா, ஒவ்வொரு வார்த்தையாச் சொல்றா, எனக்குக் கேக்கணும்னு சொல்றா. அவளுக்குத் தெரிஞ்சுருச்சு. எல்லாருக்குந் தெரிஞ்சுருச்சு. ஜெரால்டே மிதிக்கறான். யாரும் மூஞ்சி சுளிக்கலை. மீட்டரைத் திருப்பிக் காட்டறா, தொண்ணூத்தொண்ணு. பச்சை ஸ்டிக்கரை அவளே ஒட்டறா. யாரோ கை தட்டறாங்க, கை சேர்றது தெரியுது.

பாஸ். இதுக்குத்தானே மூணு வாரம். வண்டியை மரத்தடிக்குக் கொண்டு போய் நிறுத்தறேன். முதல் சுத்துக்குக் கொடிக்காரர் எல்லாரையும் வரச்சொல்லிக் கை காட்டறார், வண்டி ஒவ்வொண்ணாப் போகுது, ஜெரால்டு திரும்பிப் பாத்து வாங்கன்னு கூப்புடறான். போகச் சொல்லிக் கையை ஆட்டறேன். எனக்கு இப்ப ஒரே ஒரு கேள்விதான். புதன்கிழமை. பத்து நிமிசம். அவ என்ன சொன்னா? மூணு நிமிசத்துக்கு மேல பேசாதவ பத்து நிமிசம் என்னத்தைச் சொன்னா? நான் எதுக்குச் சரி சரின்னேன்? உடம்புக்கு எதாவதா? குழந்தைக்கு எதாவதா? இத்தனை நாளா அதைக் கேக்கணும்னு தோணலையே எனக்கு, ரோசம் பாத்துட்டு உக்காந்திருந்தேனே, மடையன். போனை எடுக்கறேன். வெரல் நம்பரைத் தேடறதுக்குள்ள ரெண்டு தடவை வழுக்குது. அடிக்குதா இல்லையான்னுகூடத் தெரியலை, திரையில நொடி ஓட ஆரம்பிச்சப்பத்தான் அவ எடுத்துட்டான்னு தெரியுது. வலது காதுல காயிதம் கசங்குது. மாத்தி இடது காதுல வெக்கறேன். இத்தனை வருசத்துல இந்தக் காதுல வெச்சதே இல்லை. சின்னதா, தூரத்துல, ஆனா வார்த்தையா, “ஏனுங்க?”ன்னு கேக்குது. தெய்வானை கொரல். தேயலை. அப்புடியே இருக்குது. “தெய்வானை, அன்னைக்கு என்ன சொன்னே?” “எதுக்குங்க, மறுபடியும் சரி சரின்னு சொல்றதுக்கா?” “இல்லை. எனக்குக் காது கேக்கலை. நெசமாலுமே கேக்கலை. எத்தனை வருசமாத் தெரியலை, எனக்கே இப்பத்தான் தெரிஞ்சுது, இருவது பேரு முன்னால. நீ சொன்னதுல ஒரு வார்த்தை எனக்கு வந்து சேரலை.” அப்புறம் கொரலை எடுத்து, அந்தக் காலத்துல வாசல்லருந்து எழுப்புவாளே அப்புடி, விட்டு விட்டுச் சொல்றா. “இங்க எனக்கு இருப்புக் கொள்ளலைன்னு சொன்னேன். பேசறதுக்கு ஒருத்தரும் இல்லை, தாரணிக்கு அவ வேலையே சரியா இருக்குதுன்னு சொன்னேன். ஞாயித்துக்கிழமை வந்து என்னைக் கூட்டிட்டுப் போங்கன்னு சொன்னேன். நீங்க சரி சரி, பாக்கலாம்னீங்க. பையைக் கட்டி வெச்சுட்டு உக்காந்திருந்தேன். அடுத்த ஞாயித்துக்கிழமையும் உக்காந்திருந்தேன்.” அவ நிறுத்தறா. ட்ராக்குல வண்டியெல்லாம் முதல் வளைவு தாண்டிப் போகுது. மடியிலருந்த ஹெல்மெட்டைத் தூக்கிப் பின்சீட்டுல போட்டுட்டு, கேட்டுப் பக்கம் பாக்கறேன். சாயங்காலத்துக்குள்ள ஓசூர் போயிடலாம். “பை?”ன்னு கேக்கறேன். “கட்டுனது கட்டுனபடிதான் இருக்குதுங்க”ங்கறா. கேக்குது. நல்லாவே கேக்குது.